புண் ஆறாததற்கு வயசு மட்டுமா காரணம்?

தூத்துக்குடி மாவட்டத்து வேப்பலோடை உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. வாரி முடித்த பெண்கள் வரப்போரம் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, காலை நீட்டிக் குதிகாலில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியை அவிழ்த்தார். பித்தவெடிப்பு ஒன்று ஆழமாகப் பிளந்திருந்தது. பிளவின் இரண்டு ஓரமும் ஊறி வெளுத்துத் தடித்திருந்தன. நடுவே செக்கச்செவேலென்று சதை தெரிந்தது. துணியின் மடிப்பில் உப்புப் பரல்கள் மினுங்கின.

"எத்தனை நாளாச்சுக்கா?"

"பங்குனியில வந்தது தம்பி. முன்னெல்லாம் வெடிச்சா நாலு நாள்ல மூடிக்கிடும். இப்ப வயசாயிட்டுல்லா, இனி எங்க ஆறப்போவுது."

நான் அதைப் பார்த்தது ஆனி மாதம். மூன்று மாதமாகத் திறந்திருக்கும் புண்ணுக்கு அவர் சொன்ன ஒரே காரணம் வயசு. நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வதும் இதுதான். மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது காதில் விழுவதும் இதுதான். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாகத் தோலை ஆராய்ந்தவர்கள் இந்தப் பதிலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வயசு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் ஒரு ஹார்மோனின் கதை இருக்கிறது. அதன் பெயர் ஈஸ்ட்ரோஜன்.

உப்பு செய்வது என்ன?

முதலில் அந்தக் குதிகால் நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்வோம். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மருத்துவமனையில் புண்ணைக் கழுவும் சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். அது நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்குப் பொருந்திய அளவு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உப்பளத்தில் அந்தக் கடல் நீரையும் நிலத்தடி உவர்நீரையும் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். உப்பு பரல் கட்டும் கடைசிப் பாத்தியில் நீரின் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரி வரும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் உப்பு கரைந்திருக்கும். மருத்துவமனை சலைனைப் போல முப்பது மடங்குக்கும் மேல்.

அவ்வளவு செறிவான நீர், தான் தொடும் உயிரணுவிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். புண்ணை மூட வரும் புதிய செல்கள் வாடிச் சுருங்கும். இது போதாதென்று, பாத்தியின் அடியில் விளைந்த பரல்கள் கண்ணாடித் தூள் மாதிரிக் கூர்மையானவை. வெறுங்காலோடு நிற்பவரின் பாதத்தில் புதிது புதிதாகக் கீறல் விழுந்துகொண்டே இருக்கும். ஜனவரி வாக்கில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும் வரை இதுதான் அவர்களுடைய தினசரி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது என்றால், அந்த இடத்தைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை தூத்துக்குடிப் பாத்திகளில் ஊறும் இந்தப் பாதங்கள்தான்.

ஆனால் இதே பாத்தியில், இதே உப்பில், இருபத்தைந்து வயதுப் பெண்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வெடிக்கிறது, வெடித்தது மூடுகிறது. அக்காவுக்கும் முன்பு அப்படித்தான் மூடியது. எனவே உப்பை மட்டும் குற்றம் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

புண் ஆறுவது எப்படி?

தோல் கிழிந்ததும் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. தட்டணுக்கள் திரண்டு அடைக்கின்றன, ரத்தம் உறைகிறது. அடுத்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. கிருமிகளைக் கொல்வதும் செத்த திசுவைக் கரைப்பதும் அவற்றின் வேலை. அதற்காக அவை எலாஸ்டேஸ் போன்ற அரிக்கும் நொதிகளைக் கொண்டுவருகின்றன. பின்னாலேயே மேக்ரோபேஜ் என்னும் பெரிய விழுங்கணுக்கள் வந்து மிச்சத்தைத் துப்புரவு செய்கின்றன. இடம் சுத்தமானதும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளை நெய்து பள்ளத்தை நிரப்பத் தொடங்குகின்றன. அதன் மேல், புண்ணின் ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் ஊர்ந்து ஊர்ந்து நடுவை நோக்கி வந்து மூடுகின்றன. மூடியபின் பல மாதங்களுக்கு உள்ளே இழைகளைத் திருத்திக் கட்டும் வேலை நடக்கிறது. எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பின் வலு பழைய தோலின் வலுவில் எண்பது சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

செல்கள் ஊர்ந்து வந்து மூடும் அந்தக் கட்டத்தைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேறு ஊர் உதாரணம் வேண்டாம். இங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு முத்துப்படுகைகள் வறண்டு போயின. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி இதே வேப்பலோடையில் முத்துச்சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். அந்த முறை ஓர் அறுவைச் சிகிச்சை. ஒரு சிப்பியின் மேன்டில் திசுவிலிருந்து சில மில்லிமீட்டர் துண்டை வெட்டி, ஒரு சிறு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். அந்தத் துண்டின் செல்கள் பெருகி, மணியின் மேல் ஊர்ந்து, அதை முழுக்க மூடி ஒரு பையாகின்றன. அந்தப் பை அடுக்கடுக்காகச் சுரப்பதுதான் முத்து. வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து செல்கள் கிளம்பிப் போய் ஒரு பரப்பை மூடுகின்றன என்ற அளவில் சிப்பிக்குள் நடப்பதும் நம் குதிகாலில் நடப்பதும் ஒன்றுதான். நல்ல சிப்பியில் மூடிவிடும். நலிந்த சிப்பியில் மணியை வெளியே தள்ளிவிடும், அல்லது சிப்பியே செத்துவிடும். செல்லுக்கு ஊரத் தெரிந்தால் மட்டும் போதாது, ஊர்வதற்கேற்ற நிலைமையும் வேண்டும்.

போகத் தெரியாத கூட்டம்

வயதானவர்களின் புண்ணில் அந்த நிலைமை எங்கே கெடுகிறது? பலரும் நினைப்பதுபோல ஆள் வராமல் போவதால் அல்ல. வந்த ஆட்கள் போகாததால்.

உப்பளத்தில் கணக்கப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். அவர் ஒரு கூடை உப்பும் சுமப்பதில்லை. ஆனால் எந்தப் பாத்திக்கு எத்தனை பேர், எப்போது வாரலாம், எப்போது கரையேறலாம் என்று சொல்பவர் அவர்தான். தோலில் ஈஸ்ட்ரோஜனின் வேலை ஏறக்குறைய அது. அது நேராகப் புண்ணை ஒட்டுவதில்லை. மேல்தோல் செல்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்கள், விழுங்கணுக்கள் என்று புண்ணில் வேலை செய்யும் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து அமர்ந்ததும் அந்த ஏற்பி செல்லின் மரபணுக்களில் சிலவற்றை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கிவைக்கும்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்த தோலில் நியூட்ரோஃபில்கள் அதிகமாக வந்து நெடுநாள் தங்குகின்றன. கிருமிக்காகக் கொண்டுவந்த எலாஸ்டேஸ் நொதி, கிருமி செத்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கிறது. புதிதாகப் போட்ட கொலாஜனையும், செல்கள் பிடித்து ஊர்வதற்குத் தேவையான ஃபைப்ரோனெக்டின் என்னும் பசைப் புரதத்தையும் அது தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் கொத்தனார் கட்ட, மறுபக்கம் ஒருவர் இடித்துக்கொண்டே இருந்தால் சுவர் எப்படி எழும்பும்?

மேன்செஸ்டரில் நடந்த சோதனைகள்

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜில்லியன் ஆஷ்கிராஃப்ட். 1997இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சினைப்பையை நீக்கிய இளம் பெண் எலிகளின் காயங்கள் ஆறத் தாமதமாயின. தோலின் மேல் ஈஸ்ட்ரோஜன் பூசியதும் அந்தத் தாமதம் நீங்கியது. அந்த எலிகளுக்கு வயசாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இளமை அப்படியே இருந்தது. ஹார்மோன் மட்டும் போனது, புண்ணும் கிழவியின் புண் மாதிரி ஆகிவிட்டது.

1999இல் அதே குழு மனிதர்களிடம் சோதித்தது. சராசரியாக எழுபது வயதைக் கடந்த ஆரோக்கியமான ஆண்களும் பெண்களும் முன்வந்தார்கள். சிலருக்குத் தோலில் ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டினார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத பட்டை. பிறகு அந்த இடத்தில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்திக் கவனித்தார்கள். ஏழாம் நாள் பார்த்தபோது ஈஸ்ட்ரோஜன் பட்ட காயம் சிறுத்திருந்தது. அதில் கொலாஜன் கூடியிருந்தது, நியூட்ரோஃபில் குறைந்திருந்தது, எலாஸ்டேஸ் குறைந்திருந்தது. எண்பதாம் நாளில் அந்தத் தழும்புக்கு வலுவும் அதிகமாக இருந்தது. ஆண்களிடமும் இதே பலன் கிடைத்தது.

ஆண்களுக்கு எதற்கு ஈஸ்ட்ரோஜன் என்று கேட்கத் தோன்றும். ஆண் உடலிலும் அது உண்டு. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி ஒன்று தோலிலும் கொழுப்பிலும் இருக்கிறது. 2008இல் மேத்யூ ஹார்ட்மேனும் ஆஷ்கிராஃப்ட்டும் இளைஞர்களின் காயத்தையும் முதிய ஆண்களின் காயத்தையும் எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். மாறியிருந்த மரபணுக்களில் 78 சதவீதம் ஈஸ்ட்ரோஜனோடு தொடர்புடையவை. வயது என்ற ஒன்றை மட்டும் சார்ந்தவை 3 சதவீதம்தான். ஒரு சின்ன ஆய்வு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. என்றாலும் "வயசாயிட்டுல்லா" என்று நாம் சொல்லும்போது எதை எண்ணிச் சொல்கிறோம் என்று மறுபடி யோசிக்க வைக்கும் எண்கள் இவை.

பெண்களுக்கு இது ஏன் கூடுதல் பாரம்?

ஆணுக்கு ஹார்மோன் மெல்ல மெல்லக் குறைகிறது. பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் சில ஆண்டுகளிலேயே சரசரவென்று இறங்கிவிடுகிறது. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நடக்கும் இது, இந்தியாவில் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் முப்பது சதவீதம் வரை போய்விடலாம் என்று அளந்திருக்கிறார்கள். தோல் மெலிகிறது, ஈரம் பிடித்துவைக்கும் சக்தி குறைகிறது, எளிதில் வெடிக்கிறது. வெடித்தது ஆறவும் நாளாகிறது.

இன்னொரு கூட்டத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. பெரும்பாடு, கட்டி என்று முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் நம் கிராமங்களில் நிறைய. அப்போது சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால், அவர்களின் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அறுந்துபோகிறது. 1997இன் அந்த இளம் எலிகளின் நிலைமைதான் அவர்களுக்கும். பலருக்குத் தங்களிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதே தெரியாது. "பையை எடுத்தாச்சு" என்பதோடு அவர்களுக்குச் சொல்லப்பட்டது முடிந்துவிடுகிறது.

ஹார்மோனை மாத்திரையாக எடுத்தவர்களைப் பற்றியும் ஒரு பெரிய கணக்கு உண்டு. 2002இல் லான்செட் இதழில் டேவிட் மார்கோலிஸ் குழுவினர் பிரிட்டனின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து முதிய பெண்களை ஆராய்ந்தார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்களுக்குப் படுக்கைப் புண்ணும், ரத்தக்குழாய்க் கோளாறால் காலில் வரும் ஆறாப் புண்ணும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. இதை ஒரு எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஹார்மோன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்களாகவும் இருந்திருக்கலாம். பதிவேட்டிலிருந்து பார்க்கும் கணக்கு, காரணத்தை உறுதியாகக் காட்டாது.

அப்படியானால் ஏன் பூசக் கூடாது?

இவ்வளவு படித்தபின் அந்த அக்காவுக்கு ஒரு ஈஸ்ட்ரோஜன் களிம்பு வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது. ஆனால் அதை இப்போது செய்யக் கூடாது. காரணம் மூன்று.

முதலாவது, சோதனை செய்தது ஆரோக்கியமானவர்களின் தோலில் புதிதாக ஏற்படுத்திய சிறு காயத்தில். பல மாதம் ஆறாமல் கிடக்கும் புண், சர்க்கரைப் புண், கிருமி பிடித்த புண் ஆகியவற்றில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பாதுகாப்பாகப் பலன் தருகிறது என்று நிறுவிய பெரிய மருத்துவச் சோதனை இல்லை.

இரண்டாவது, திறந்த புண் ஒரு திறந்த வாசல். பூசிய ஹார்மோன் அங்கேயே நிற்காது, ரத்தத்தில் கலக்கும். அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சேர்த்து நடந்த பெரிய ஹார்மோன் சோதனை 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை கூடியதே காரணம். அது மாத்திரை, வேறு அளவு. களிம்புக்கு அதே ஆபத்து அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, பொருந்தாது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. பெண்ணுறுப்பு வறட்சிக்கு மகப்பேறு மருத்துவர்கள் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தருவது உண்டு. அது அவர்கள் கணக்குப் பார்த்துத் தருவது. அதையே எடுத்துக் காலில் தேய்ப்பது வேறு.

மூன்றாவது காரணம் நுட்பமானது. 1997 ஆய்வில், வயதான பெண்களின் காயம் மெதுவாக ஆறினாலும் தழும்பு நயமாக இருந்தது என்பதும் தெரியவந்தது. ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களிடம் காயம் விரைவாக ஆறியது, அந்த நயம் போய்விட்டது. கொலாஜன் கூடக் கூட வலுவும் கூடும், தழும்பும் கூடும். உடம்பில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

ஆராய்ச்சி இப்போது போகும் திசை வேறு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை உண்டு. பீட்டா வகை கண்டறியப்பட்டதே 1996இல்தான். மார்பகத்திலும் கர்ப்பப்பையிலும் வளர்ச்சியைத் தூண்டுவதில் ஆல்ஃபாவின் பங்கு பெரிது. எலிகளில் செய்த ஆய்வுகள், புண் ஆறுவதற்குப் பீட்டா ஏற்பி முக்கியம் என்று காட்டுகின்றன. தோலில் உள்ள பீட்டாவை மட்டும் தூண்டி, உடம்பின் மற்ற இடங்களைத் தொடாமல் விடும் மருந்து கிடைத்தால், பலனைப் பிடித்துக்கொண்டு ஆபத்தைக் கழித்துவிடலாம். சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் முதல் ஆலைகளில் தயாராகும் புதிய மூலக்கூறுகள் வரை பலவற்றை இந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள். மருந்துக்கடை அலமாரிக்கு அவை வந்துசேர நாளாகும்.

இன்று செய்யக்கூடியது

அந்த மருந்து வரும்வரை செய்யத் தெரிந்ததையாவது செய்வோம். வேலை முடிந்ததும் காலை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வெடிக்காத இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது தோலின் ஈரத்தைக் காக்கும். ஆழமாக வெடித்த புண் இருந்தால் அது மூடும்வரை உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. தவிர்க்க முடியாதபோது உள்ளே தண்ணீர் இறங்காத ரப்பர் பூட்ஸ் அவசியம். பூட்ஸ் ஒரு சலுகையல்ல, அது வேலைக்கருவி. பாத்தியோரம் கழுவ நல்ல தண்ணீர் கிடைப்பதும் அப்படித்தான்.

நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். நாடித்துடிப்பு, ரத்தசோகை, தடுப்பூசி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தட்டில் முட்டையோ மீனோ பயறோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். புரதம் இல்லாமல் எந்த ஹார்மோனும் கொலாஜனை நெய்துவிடாது.

இவற்றோடு ஒன்றைக் கூடுதலாகக் கேட்கிறேன். ஆறாத புண்ணோடு ஒரு பெண் வந்து உட்காரும்போது, புறநோயாளிச் சீட்டில் வயசு என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும். மாதவிடாய் எப்போது நின்றது? தானாக நின்றதா, அறுவையில் நின்றதா, சினைப்பையை எடுத்துவிட்டார்களா? அந்த வரி இன்றைக்கே களிம்பைக் கொண்டுவராது. ஆனால் இந்தப் பெண்ணின் தோல் மெலிந்திருக்கும், எலும்பும் மெலிந்திருக்கும், புண்ணுக்குக் கூடுதல் நாளும் கூடுதல் கவனிப்பும் வேண்டும் என்று கட்டுப்போடுபவருக்குச் சொல்லும். நாளை நல்ல மருந்து வரும்போது அது யாருக்குப் போக வேண்டும் என்பதும் அந்த வரியில் இருக்கும்.

அன்று அந்த அக்காவிடம் நான் இத்தனையும் சொல்லவில்லை. துணியை உதறி, உப்பைத் தட்டிவிட்டு, மறுபடி கட்டப் போனவரை நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் புண்ணைக் கழுவச் சொன்னேன். கழுவும்போது மெதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்குத் தீட்டு நின்னு எத்தனை வருஷமாச்சுக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருஷம் இருக்கும். அதுக்கும் காலுக்கும் என்ன தம்பி?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.